நீர் மருந்து கொடுக்கும் செவிலியருக்கு: மருந்து எழுதிய தாளிலிருந்து சிறுநீர்க் கணக்கு வரை

ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று மருத்துவர் எழுதிவிட்டால், வார்டில் காலை எட்டு, இரவு எட்டு என்று கை தானாகவே குறித்துவிடும். ஆன்டிபயாடிக்குக்கு அது சரி. நீர் மருந்துக்கு, அதாவது சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மருந்துக்கு, சரிப்படாது. இரவு எட்டு மணிக்கு ஃப்ரூசிமைட் மாத்திரை போட்டுக்கொண்ட எழுபது வயதுக்காரர், நள்ளிரவு தாண்டும்வரை கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக நடந்துகொண்டிருப்பார். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், விளக்கு பாதி எரியும், கழிப்பறை வாசலில் தரை ஈரமாக இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து எலும்பு வார்டுக்கு மாற்றும்போது ‘நோயாளி வழுக்கி விழுந்தார்’ என்று பதிவேட்டில் எழுதுவோம். மருந்து கொடுத்த நேரத்தை அதற்குப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரிய மருத்துவமனை வார்டிலோ, ஓசூர்ப் பக்கத்து நர்சிங் ஹோமிலோ, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் செவிலியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு. உங்கள் மருத்துவமனையின் நடைமுறை எதுவோ அதுவே இறுதி. ஆனால் எப்போது கொடுப்பது, எப்போது கையை நிறுத்திக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுவது, கொடுத்தபின் எதை அளப்பது என்பவை நம் பொறுப்பு. அடுத்த டோஸைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வது நாம் எழுதிய எடையையும் சிறுநீர் அளவையும் பார்த்துத்தான். கணக்கு பொய்யானால் மருந்தும் பொய்யாகிவிடும்.

எந்த நீர் மருந்து என்று முதலில் பாருங்கள்

‘நீர் மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே நான்கு விதமான ஆட்கள் இருக்கிறார்கள், குணமும் வேறு வேறு.

வார்டில் அதிகம் புழங்குவது ஃப்ரூசிமைட். லேசிக்ஸ் என்ற பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகத்தில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படும் ஒரு முக்கியமான இடத்தை அடைத்துவிடுவதால், உப்பும் அதன் பின்னாலேயே நீரும் வெளியேறுகின்றன. கூடவே பொட்டாசியமும் போகிறது. மாத்திரையாகக் கொடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். நரம்பு ஊசியாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணியில் உச்சத்துக்குப் போய், சுமார் இரண்டு மணி நேரத்தில் அடங்கும். மாத்திரையில் ஏறக்குறைய பாதிதான் இரத்தத்தில் சேர்கிறது. அதனால் 40 மி.கி. மாத்திரையும் 20 மி.கி. ஊசியும் ஏறத்தாழச் சமம். குடலே வீங்கியிருக்கும் இதய நோயாளிக்கு மாத்திரை இன்னும் மெதுவாகவே சேரும். ‘மாத்திரை கேட்கவில்லை, ஊசி கேட்கிறது’ என்று நோயாளிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டார்செமைடு இதே குடும்பம்தான். வாய்வழி நன்றாகச் சேரும், 20 மி.கி. டார்செமைடு 40 மி.கி. ஃப்ரூசிமைட் மாத்திரைக்கு ஈடு.

ஹைட்ரோகுளோரோதயசைடு இரத்த அழுத்த மாத்திரைகளில் மற்ற மருந்தோடு சேர்ந்தே வருவதால், நோயாளி நீர் மருந்து சாப்பிடுவதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சோடியத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும். ஸ்பைரனோலாக்டோன் மற்றவற்றுக்கு நேர் எதிர்: பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நான்காவது மானிட்டால். அது தனி ஆள். பின்னால் தனியாகவே வருகிறேன்.

மருந்து எழுதிய தாளை வாசிக்கும் விதம்

நோயாளியின் பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தையும் எந்த மருந்துக்கும் பார்க்கிறோம். ஃப்ரூசிமைட்டுக்கு அதில் ஒன்று கூடுதலாக உறுத்த வேண்டும்: மி.கி. என்று எழுதியிருக்கிறதா, மி.லி. என்றா, அல்லது ‘இரண்டு ஆம்பூல்’ என்றா? நம்மிடம் பெரும்பாலும் வரும் ஆம்பூல் 2 மி.லி.; ஒரு மி.லி.யில் 10 மி.கி., ஆக ஆம்பூலுக்கு 20 மி.கி. 40 மி.கி. வேண்டுமென்றால் 4 மி.லி. நான்கு மி.லி. ஆம்பூலும் சந்தையில் உண்டு என்பதால் கண்ணாடியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் உடைக்கக் கூடாது. ‘இரண்டு ஆம்பூல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மி.கி. கணக்கில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குழந்தைகள் வார்டில் இந்தக் கணக்கு இன்னும் கறார். 6 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 1 மி.கி. என்று எழுதியிருந்தால் 6 மி.கி., அதாவது 0.6 மி.லி. அதை 5 மி.லி. சிரிஞ்சில் கண்ணால் பார்த்து இழுக்க முடியாது, 1 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். கணக்கை இன்னொரு செவிலியரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு டூட்டியில் தொலைபேசியில் வரும் வாய்மொழி உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதி, மருத்துவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் இதுதான் அதிகம் விட்டுப்போகிறது.

காலையிலும் மாலையிலும் இரண்டு வேளை எழுதப்பட்டிருந்தால், காலை எட்டு, பிற்பகல் இரண்டு என்று நேரத்தை வைக்கலாமா என்று ரவுண்ட்ஸிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மாலை நான்கு மணிக்குமேல் வழக்கமான டோஸைத் தள்ளாதீர்கள். மூச்சுத் திணறி நுரையீரலில் நீர் கோத்து வருபவருக்கு மட்டும் கடிகாரம் கிடையாது, நள்ளிரவானாலும் உடனே.

ஊசியை எடுப்பதற்கு முன் நோயாளியிடம் போங்கள்

இரத்த அழுத்தம் பார்க்காமல் நீர் மருந்து கொடுப்பதில்லை என்று ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 90க்குக் கீழே இருந்தால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 90க்கும் 100க்கும் இடையில் இருந்தாலும், நேற்றுவரை 150 இருந்தவர் என்றால் கேட்டுவிட்டுக் கொடுப்பதே நல்லது. எழுந்து உட்காரும்போது தலை சுற்றுகிறது என்று சொல்பவருக்கு, படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், உடம்பில் நீர் ஏற்கெனவே போதாமல் இருக்கலாம்.

கால் வீக்கத்தைக் கணுக்காலின் முன் எலும்பின்மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் வீக்கம் தெரியாமல், இடுப்புக்குப் பின்னால் இருக்கலாம். திருப்பிப் படுக்கவைக்கும்போது அங்கேயும் அழுத்திப் பார்க்க வேண்டும். வீக்கம் இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, நேற்றைய எடையைவிட இன்று இரண்டு கிலோ குறைந்திருக்கிறது என்றால், உத்தரவில் மருந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். ‘ஐயா, இதுவரை இவ்வளவு இறங்கியிருக்கிறது, இன்றைய டோஸ் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகும்.

அடிவயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. புரோஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சிறுநீர்ப்பை ஏற்கெனவே நிரம்பி, வெளியே வர வழியில்லாமல் இருக்கலாம். அந்த நிலையில் ஃப்ரூசிமைட் கொடுத்தால் உள்ளே ஊறிக்கொண்டே போகும், வலியில் துடித்துவிடுவார். ‘கடைசியாக எப்போது போனீர்கள், தடையில்லாமல் வந்ததா?’ என்று கேளுங்கள். தொப்புளுக்குக் கீழே பந்துபோல் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் சிறுநீர் வெளியேற டியூப் போடவேண்டியிருக்கும்.

பிறகு இரத்தப் பரிசோதனைத் தாள். பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை, சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் ஃப்ரூசிமைட்டுக்கு முன்பும், 5ஐத் தாண்டினால் ஸ்பைரனோலாக்டோனுக்கு முன்பும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூடக் கொடுக்கும் மருந்துகளில் நான்கைந்து பெயர்கள் மனத்தில் இருந்தால் போதும். இதய மருந்தான டிகாக்சின் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகிவிடும். நாடி 60க்குக் கீழே இருந்தாலோ, வாந்தி வந்தாலோ, கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்றாலோ உடனே சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளோடு சேரும்போது காதுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து கூடுகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் நீர் மருந்தின் வேலையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனநல மருந்தான லித்தியம் சாப்பிடுபவருக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் முடிவெடுப்பது அவர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தயார் செய்வது

ஊசி போட்ட பத்தாவது நிமிடம் ‘சிஸ்டர், அவசரமாக வருகிறது’ என்று கூப்பிட்டால், அப்போது பெட்பேன் தேடி ஓடக் கூடாது. ஆண்களுக்கு யூரின் கேன், பெண்களுக்கு பெட்பேன், அளவுக்கோடு போட்ட குவளை எல்லாம் முன்னாலேயே கட்டிலடியில் இருக்க வேண்டும். நடக்க முடிந்தவருக்குச் செருப்பு எட்டும் தூரத்தில், துணைக்கு ஒருவர் பக்கத்தில். வார்டிலிருந்து கழிப்பறை தூரமாக இருந்தால் அந்த நோயாளியைக் கதவுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். டியூப் இருப்பவருக்குச் சிறுநீர் சேரும் யூரோ பேக்கைக் காலி செய்து, மடங்காமல் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள். பழைய சிறுநீரின்மேல் புதியது சேர்ந்தால் மணிக்கணக்கு தெரியாது.

என்ன கொடுக்கிறோம் என்று சொல்லியும் விடுங்கள். ‘அம்மா, உடம்பில் தேங்கிய நீர் வெளியே வர ஊசி போடுகிறேன். அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். தனியாக எழுந்து போகக் கூடாது, என்னைக் கூப்பிடுங்கள்.’ சொல்லாமல் விட்டால், அதிகமாகப் போகிறதே என்று பயந்து தண்ணீராகக் குடித்துத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கொடுக்கும் நேரம்

ஆம்பூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளாக மாறியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஒளி பட்டால் கெடும் மருந்து என்பதால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரத் தட்டில் கொட்டிவைக்கும் பழக்கம் ஆகாது.

நரம்பில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் குழாய் சரியாக ஓடுகிறதா என்று நார்மல் சலைன் விட்டுப் பாருங்கள். பிறகு 20 முதல் 40 மி.கி. வரை ஒன்று முதல் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செலுத்தினால்தான் இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரிய டோஸ் என்றால் சிரிஞ்ச் பம்பில், நிமிடத்துக்கு 4 மி.கி.யைத் தாண்டாமல் போக வேண்டும். வேகமாகப் போட்டால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறன் குறையவும் கூடும். ‘காதுக்குள் கொய்ங் என்கிறது’ என்று நோயாளி சொன்னால் நிறுத்துங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். முடித்ததும் மீண்டும் சலைன் விட்டு லைனைக் கழுவ வேண்டும்.

கலப்பதற்கு நார்மல் சலைன். டெக்ஸ்ட்ரோஸில் கலக்காதீர்கள், ஃப்ரூசிமைட் காரத்தன்மை உள்ளது, அமிலத்தன்மை உள்ள திரவத்தில் சேர்ந்தால் படிந்துவிடும். ஆன்டன்செட்ரான், மிடசோலம் போன்றவற்றோடு ஒரே லைனில் சந்திக்கவிட்டாலும் வெள்ளையாகத் திரியும். இரத்தம் ஏற்றும்போது நடுவில் லேசிக்ஸ் என்று எழுதியிருந்தால், இரத்தம் ஓடும் லைனில் போடாமல் வேறு லைனில் போடுங்கள்; இல்லையென்றால் பை முடிந்தபின், சலைனால் கழுவிவிட்டு.

மூச்சு முட்டி வருபவரிடம் வரிசை மாறும். நெஞ்சை உயர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆக்சிஜன் குறைவாக இருந்தால் மாஸ்க் போட்டு, டூட்டி டாக்டருக்கு ஆள் அனுப்பி, வென்ஃப்ளான் போட்டு, இரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். இதற்குமுன் நீர் மாத்திரையே சாப்பிடாதவருக்கு 20 முதல் 40 மி.கி. என்று தொடங்குவார்கள். வீட்டில் மாத்திரை சாப்பிடுபவருக்கு, அவர் ஒரு நாளில் சாப்பிடும் மொத்த அளவையோ அதன் இரண்டு மடங்கையோ ஊசியாகக் கொடுக்கிறார்கள். அதனால்தான் மஞ்சப்பையில் கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை உடனே எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரையில் பெரிய நுணுக்கம் இல்லை. ஃப்ரூசிமைட் காலையில்; வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் உணவுக்குப்பின். ஸ்பைரனோலாக்டோன் உணவோடு.

கொடுத்தபின்தான் அளவை

ஊசிக்குப்பின் 15 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் இரத்த அழுத்தம், நாடி, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். பிறகு மணிக்கு ஒருமுறை சிறுநீர். இதயம் செயலிழந்து வந்தவருக்கு ஊசி போட்ட முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி.யாவது வர வேண்டும். அதற்குக் குறைந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல், இரண்டாவது மணி நேர முடிவிலேயே எண்ணைச் சொல்லி மருத்துவரைக் கூப்பிடுங்கள். ‘யூரின் கம்மியாக இருக்கிறது’ என்று சொன்னால் தூக்கக் கலக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்பார். ‘40 மி.கி. போட்டு இரண்டு மணி நேரத்தில் 90 மி.லி.தான் வந்திருக்கிறது, மூச்சு 30’ என்று சொன்னால் எழுந்து வருவார்.

நம் ஊர் வார்டில் இந்தக் கணக்கு எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். உள்ளே போவதை எழுதும்போது டிரிப்பை மட்டும் எழுதிவிட்டு, வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்த கேழ்வரகுக் கூழை விட்டுவிடுகிறோம். கூழ், மோர், காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். ஒரு தம்ளர் என்பது எவ்வளவு? பாலக்கோட்டிலிருந்து வந்த அம்மாவின் எவர்சில்வர் தம்ளரும் கடையில் வாங்கிய பேப்பர் கப்பும் ஒன்றல்ல. நோயாளி சேர்ந்த அன்றே அவருடைய தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 180 மி.லி. என்றால் ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘180’ என்று எழுதித் தம்ளரின் அடியில் ஒட்டிவிடுங்கள். துணைக்கு இருப்பவர் குடித்த ஒவ்வொரு தம்ளருக்கும் ஒரு கோடு போட்டால் போதும். எழுதப்படிக்கத் தெரியாதவரும் கோடு போடுவார், நாம் பெருக்கிக்கொள்ளலாம்.

வெளியே வருவதில் இரண்டு இடத்தில் தவறுகிறது. ஒன்று, துப்புரவுப் பணியாளரோ துணையாளோ நல்லெண்ணத்தில் கேனைக் கொட்டிக் கழுவிவைத்துவிடுவார்கள். இரண்டு, மலம் கழிக்கப் போனபோது சிறுநீரும் அங்கேயே போய்விடும். அப்படிப் போனதை மனக்கணக்காக 200 என்று எழுதாதீர்கள். ‘ஒருமுறை அளக்கவில்லை’ என்று நேரத்தோடு எழுதுங்கள். மருத்துவர் அதைப் புரிந்துகொள்வார். வட்டமான எண்களாக 200, 300, 200 என்று வரிசையாக எழுதிய தாளை எந்த மருத்துவரும் நம்புவதில்லை; நம்பக் கூடாது.

எல்லாக் கணக்கையும்விட நம்பகமானது எடை. ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். தினமும் ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஏறக்குறைய அதே உடையில் பாருங்கள். பனிக்கால ஸ்வெட்டரும் சால்வையுமாக நேற்று நிறுத்தி, இன்று இல்லாமல் நிறுத்தினால், எடை குறைந்ததற்கு லேசிக்ஸுக்குப் பெயர் போகும். கல்லீரல் நோயில் வயிற்று நீர் மட்டும் இருந்து கால் வீக்கம் இல்லாதவருக்கு ஒரு நாளில் அரை கிலோவுக்குமேல் இறங்கக் கூடாது. கால் வீக்கமும் இருந்தால் ஒரு கிலோ வரை. வேகமாக இறங்கினால் சிறுநீரகம் கெடும், மூளை குழம்பும். மஞ்சள்காமாலை முற்றிய நோயாளி பகலில் தூங்கி இரவில் உளறினால் ‘இரவெல்லாம் தூக்கமில்லை’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொட்டாசியம் என்ற தொல்லை

கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, கால் தூக்க முடியவில்லை, வயிறு உப்பி மலம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் ஃப்ரூசிமைட் சாப்பிடுபவரிடம் முதலில் நினைக்க வேண்டியது பொட்டாசியக் குறைவு. இசிஜி எடுத்து வையுங்கள், இரத்தம் எடுத்து அனுப்புங்கள். பொட்டாசியம் குளோரைடு சிரப் எழுதினால் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப்பின் கொடுங்கள்; அப்படியே குடித்தால் வயிற்றைப் புண்ணாக்கும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எந்தக் காலத்திலும் கலக்காமல் கூடாது. சலைனில் நன்றாகக் கலந்து, பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் வேகத்தைத் தாண்டாமல். லேசிக்ஸ் ஆம்பூல் தட்டில் அது கலந்து கிடக்கவே கூடாது, தனிப் பெட்டியில் பூட்டிவையுங்கள்.

உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘இளநீர் கொடுக்கலாமா?’ என்பதுதான். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லக் கூடாது. ஃப்ரூசிமைட் மட்டும் சாப்பிட்டு, சிறுநீரகம் நன்றாக இருந்து, பொட்டாசியம் குறைந்திருப்பவருக்கு இளநீரும் வாழைப்பழமும் உதவும். இளநீரையும் குடிக்கும் அளவில் சேர்த்துக் கணக்கிட்டால் சரி. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கும் கிரியேட்டினின் ஏறியவருக்கும் அதே இளநீர் ஆபத்து. இதயத் துடிப்பு தாறுமாறாகும். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம் வந்தால் இந்தப் பேச்சை இன்னொருமுறை பேச வேண்டும், கூடை கூடையாக வார்டுக்கே வந்துவிடும். சர்க்கரையும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. நல்லது என்று நினைத்து வாங்கிவருவார்கள். சிறுநீரக நோயாளி வீட்டில் அது இருக்கக் கூடாது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. களிக்குக் கருவாட்டுக் குழம்பும் மாங்காய் ஊறுகாயும் இல்லாமல் இறங்காது என்பார்கள். மருந்து வெளியேற்றும் சோடியத்தை ஊறுகாய் திரும்ப ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். களியை விட வேண்டாம், உப்புக் குறைத்த கீரைக் கடைசலோடு சாப்பிடச் சொல்லுங்கள்.

மானிட்டால்: சாலை விபத்து வார்டின் நீர் மருந்து

தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர்க் கணவாய் இருக்கும்வரை தருமபுரியில் மானிட்டாலுக்கு வேலை இருக்கும். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு, வீக்கத்திலிருக்கும் நீரை இரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றுவது இது. 20 சதவீத மானிட்டால் 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம் இருக்கிறது. எடைக்கேற்ப, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்துக்குள் ஏற்றச் சொல்வார்கள். இங்கே மெதுவாகப் போனால் பலன் குறையும்.

குளிர் காலத்தில், அதிலும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரில், பாட்டிலுக்குள் படிகம் கட்டிவிடும். ஊசிமுனைபோல் மின்னும் துகள்களை வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். வெந்நீரில் பாட்டிலை வைத்து, குலுக்கிக் கரைத்து, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டு, ஃபில்டர் உள்ள செட்டில் ஏற்றுங்கள். கரையாவிட்டால் வேறு பாட்டில். கை நரம்பிலிருந்து வெளியே கசிந்தால் தோல் அழுகும் என்பதால் வென்ஃப்ளான் இருக்கும் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் டியூப் அவசியம். சிறுநீரே வராதவருக்கும், நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் இதைத் தொடங்குமுன் கேட்டே ஆக வேண்டும். வெளியேறாத மானிட்டால் இரத்தத்திலேயே நின்று இதயத்தை மூழ்கடித்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

‘காலையில் ஒன்று’ என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுத்தால் பாதி வேலைதான். அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரம் மலைப்பக்கத்திலிருந்தோ பரிசோதனைக்கு வருபவர், பஸ்ஸில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார். சந்தை நாளிலும் கல்யாண நாளிலும் அதுதான். பெண்கள் இதைச் சொல்லவும் மாட்டார்கள். நாமே கேட்க வேண்டும்: ‘அக்கா, பஸ்ஸில் போகிற அன்று மாத்திரை போடுகிறீர்களா?’ அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியபின் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள். அடியோடு விடுவதைவிட நேரம் மாற்றுவது எவ்வளவோ மேல்.

மூன்று நாளில் இரண்டு கிலோவுக்குமேல் எடை ஏறினால் வரச் சொல்லுங்கள். வீட்டில் தராசு இல்லாதவரே அதிகம். செருப்பு வார் இறுகுகிறதா, கொலுசு பதிந்து தடம் விழுகிறதா, பாவாடை நாடா நேற்றைய முடிச்சில் நிற்கிறதா, தலையணை இரண்டு வைத்தால்தான் படுக்க முடிகிறதா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து ஒன்றும் இறங்காத நாளில் நீர் மாத்திரையை வழக்கம்போல் விழுங்காமல், முதலில் சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே வெயிலில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை இரண்டுமுறை சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லதுதான், ஆனால் மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த மாத்திரையும் வீட்டுக்கு வந்த மாத்திரையும் ஒரே டப்பாவில் சேரும். நீர் மருந்து இரண்டு பெயரில் இரண்டு மடங்காகிவிடாமல் பார்க்க, அடுத்த முறை வரும்போது டப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு 108இல் ஏற்றி அனுப்பும்போது, ‘லேசிக்ஸ் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் அங்கே பயனில்லை. போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் மலைக் கிராமங்கள் இங்கே இருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் அங்கே இருப்பவர்கள் மறுபடியும் ஒரு டோஸ் போட்டுவிடக்கூடும். எத்தனை மி.கி., எந்த வழியாக, எத்தனை மணிக்கு, அதற்கு முன்பும் பின்பும் இரத்த அழுத்தம் எவ்வளவு, வண்டி ஏறும்வரை சிறுநீர் எவ்வளவு என்று ஐந்தையும் எழுதுங்கள். வண்டியில் யூரோ பேக்கைக் காலி செய்தால் அந்த அளவையும் கடிதத்திலேயே குறித்துவிடும்படி ஆம்புலன்ஸ் பணியாளரிடம் சொல்லுங்கள். வார்டுக்குள் ஷிப்ட் மாறும்போதும் இதே ஐந்துதான். கூடவே, அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு, எந்த அளவுக்குக் கீழே இரத்த அழுத்தம் போனால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும்.